எல்லாருக்கும் எழுதும் சார்ட் யாருக்கும் உதவாது: செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நர்சிங் சூப்பிரண்டென்ட்களுக்கும், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும், செவிலியர் கல்லூரி டியூட்டர்களுக்கும்,

வணக்கம்.

உடலுக்குள் போகும் நீரையும் வெளியேறும் நீரையும் குறிக்கும் இன்டேக் அவுட்புட் சார்ட்டை வார்டில் உள்ள எல்லா நோயாளிக்கும் எழுதச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வார்டிலும் பிறகு வகுப்பறையிலும் இந்தச் சார்ட்டோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவள் நான். நானே இப்படிச் சொல்வது விசித்திரமாகப் படலாம். ஆனால் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: காலை ஆறு மணிக்கு, இரவு டியூட்டி முடியும் அவசரத்தில், வரிசையாக எல்லாக் கேஸ் ஷீட்டிலும் "உள்ளே 2000, வெளியே 1500" என்று ஏறுகிறது. ஒரு நோயாளிக்கு 2100, அடுத்தவருக்கு 1900 என்று மாற்றிப் போடும் அளவுக்குத்தான் நம் கற்பனை. சிறுநீர் சேரும் யூரோ பேக்கே இல்லாமல், வார்டுக் கோடியில் உள்ள கழிப்பறைக்கு நடந்து போய்வரும் பாட்டிக்கும் 1400 மில்லி எழுதியிருக்கும். யார் அளந்தது?

இதில் அந்தச் சிஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமம் வகுத்த அளவு. இரவில் நம் மெடிக்கல் வார்டுகளில் ஒருவர் எத்தனை படுக்கை பார்க்கிறார், தரையில் பாய் விரித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஐம்பது பேருக்கு அளக்க முடியாது. ஐந்து பேருக்கு முடியும். அந்த ஐந்து பேர் யார் என்று தினமும் காலை ரவுண்ட்ஸில் டாக்டரும் இன்சார்ஜும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அவர்களுக்கு மட்டும் உண்மையான கணக்கு. மற்றவர்களுக்கு அந்தத் தாளே வேண்டாம்.

இதயம், சிறுநீரகம் பழுதானவர்கள் அந்தப் பட்டியலில் இப்போதே ஓரளவு இருக்கிறார்கள். நான் வாதாட வந்தது ஹார்மோன் நோயாளிகளுக்காக. நம் பார்வையில் இருந்து நழுவிப்போகிறவர்கள் அவர்கள்தான். உடலின் நீரையும் உப்பையும் பிடித்து வைப்பது சில ஹார்மோன்கள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வரும் வாசோபிரெசின் நீரைப் பிடிக்கிறது. அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடிக்கிறது. கார்ட்டிசால் இல்லாவிட்டால் ரத்த அழுத்தமும் நிற்காது, மிகுதி நீரும் வெளியேறாது. இன்சுலின் இல்லாவிட்டால் சர்க்கரை தண்ணீரையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் இறங்குகிறது. இவற்றில் எது கெட்டாலும் லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே யூரோ பேக்கில் தெரிந்துவிடும். அதைப் பார்க்கிற ஆள் நாம்தான். டாக்டர் ஒரு நாளில் இரண்டு முறை வருவார்.

டயாபடிஸ் இன்சிபிடஸிலிருந்து தொடங்குகிறேன். வாசோபிரெசின் சுரக்காததால், அல்லது சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாததால், பச்சைத் தண்ணீர் போல ஒரு நாளில் மூன்று லிட்டருக்கு மேல், சிலருக்குப் பத்து லிட்டருக்கு மேலும் சிறுநீர் போகும். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. அந்தப் பெயரே ஆளைக் கொல்லும் அளவுக்குக் குழப்பியதால்தான் 2022-ல் உலகளவில் ஹார்மோன் நிபுணர்கள் கூடி "வாசோபிரெசின் குறைபாடு", "வாசோபிரெசினுக்குக் கட்டுப்படாமை" என்ற பொருளில் புதுப் பெயர்கள் வைத்தார்கள். நம் கேஸ் ஷீட்டுகளில் இன்னும் பழைய பெயர்தான். "டயாபடிஸ்" என்ற பாதியை மட்டும் பார்த்துவிட்டு சுகர் செக் செய்து, "நார்மல், பிரச்சினை இல்லை" என்று எழுதிவிட்டுப் போவது நடக்காத காரியம் என்று யாராவது சத்தியம் செய்ய முடியுமா?

2009-ல் தென் லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையில் 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தார். முன்பு வந்த மூளைக் கட்டியால் அவருக்கு இந்த நோய் இருந்தது. வாசோபிரெசினுக்குப் பதிலாகத் தரும் டெஸ்மோபிரெசின் மருந்தை எடுத்துக்கொண்டு நன்றாக வாழ்ந்தவர். அறுவைக்குப் பின் அந்த மருந்து அவருக்குக் கொடுக்கப்படவில்லை. தாகம் தாங்காமல், தண்ணீர் வேண்டும் என்று வார்டிலிருந்தே போலீசுக்குப் போன் செய்தார். வந்த போலீசாரிடம், அவர் குழம்பிப்போய்ப் பேசுகிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கத்தினார், ஆத்திரப்பட்டார், மயக்க மருந்து போட்டுப் படுக்க வைத்தார்கள். நீரிழப்பால் இறந்தார். 2012-ல் நடந்த மரண விசாரணை, கவனிப்பில் நேர்ந்த அலட்சியமும் இந்தச் சாவுக்குக் காரணம் என்றது. நீர் குறைந்து ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு ஏறினால் முதலில் வருவது எரிச்சலும் குழப்பமும்தான் என்று பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். வார்டில் அதே ஆளுக்கு "ஒத்துழைக்காதவர்" (நான்-கோஆப்பரேட்டிவ்) என்று பெயர் வைத்துக் கையைக் கட்டிலில் கட்டுகிறோம். 2016-ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை (என்.எச்.எஸ்.), டெஸ்மோபிரெசினை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

நம் ஊரில் இந்த நோயாளி எங்கே இருக்கிறார் என்றால், நியூரோ சர்ஜரி வார்டில் இருக்கிறார். பிட்யூட்டரிக் கட்டி எடுத்தவர், ஹெல்மெட் போடாமல் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர். பிட்யூட்டரி அறுவைக்குப் பின் சிலருக்கு மூன்று கட்டமாக நாடகம் நடக்கும். முதல் ஓரிரு நாளிலேயே சிறுநீர் கொட்டும். நாலைந்து நாள் கழித்து, சேதமான நரம்பு முனைகளில் தேங்கியிருந்த வாசோபிரெசின் மொத்தமாகக் கசிய, சிறுநீர் திடீரெனக் குறைந்து சோடியம் சரியும். "அப்பாடா, குறைந்துவிட்டது" என்று எல்லாரும் மூச்சு விடும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் பழைய ஆர்டரைப் பார்த்து டெஸ்மோபிரெசினும் கொடுத்து, டிரிப்ஸும் ஓடிக்கொண்டிருந்தால், நோயாளிக்கு வலிப்பு வரும். கசிவு தீர்ந்ததும் மூன்றாம் கட்டமாக மீண்டும் கொட்டத் தொடங்கும். சிலருக்கு அது நிரந்தரம். இந்தத் திருப்பங்களை மணிக்கணக்கு மட்டுமே காட்டும். "காலை 6 முதல் மறுநாள் 6 வரை 3000" என்று ஒரே வரியில் எழுதினால் எதுவும் தெரியாது. அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் 250 மில்லிக்கு மேல் போனாலும், ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லிக்குக் கீழே இறங்கினாலும், டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அந்த எண்களை உங்கள் யூனிட் டாக்டர்கள் மாற்றினால் மாற்றட்டும். எண் என்று ஒன்று இருக்க வேண்டும்.

உள்ளேயும் வெளியேயும் சமமாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எவ்வளவு என்பதோடு எது என்பதையும் பார்க்க வேண்டும். டயாபடிஸ் இன்சிபிடஸ்காரர் நாலு லிட்டர் வெறும் தண்ணீராக இழக்கிறார். நாம் நாலு லிட்டர் என்.எஸ். என்ற உப்புநீர் டிரிப்ஸ் ஏற்றுகிறோம். சார்ட்டில் வித்தியாசம் பூஜ்யம். ரத்தத்தில் சோடியம் 155, மிக அதிகம். வாசோபிரெசின் அளவுக்கு மீறிச் சுரக்கும் எதிர்ப்பக்க நோயில், ஆங்கில எழுத்துகளில் எஸ்.ஐ.ஏ.டி.எச். என்று நாம் சொல்வதில், சோடியம் குறைந்திருக்கிறதே என்று அதே என்.எஸ். போடுவார்கள். ஒரு லிட்டர் என்.எஸ்ஸில் 154 மில்லிமோல் சோடியம். அந்தச் சிறுநீரகம் அவ்வளவு உப்பையும் அரை லிட்டர் அடர்ந்த சிறுநீரில் வெளியே தள்ளிவிட்டு, மீதி அரை லிட்டரை வெறும் தண்ணீராக உள்ளே வைத்துக்கொள்ளும். உப்பு ஏற்ற ஏற்ற சோடியம் இறங்கும். அவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 800 முதல் 1000 மில்லிக்குள் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது. ஆகவே "ஐ.வி. 2000" என்று எழுதினால் போதாது, என்ன பாட்டில் என்றும் எழுதுங்கள். வெளியே போனது வெளிறியதா, மஞ்சளா, தேநீர் நிறமா என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

அட்ரினல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நம் மண்ணின் பிரச்சினை. கண்ணாடி விரியன் கடித்தவரைக் காப்பாற்றுவதில் நம் மாவட்ட மருத்துவமனைச் சிஸ்டர்களுக்கு இணை இல்லை. இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை, விஷமுறிவு மருந்து, சிறுநீரில் ரத்தம், டயாலிசிஸ் எல்லாம் அத்துப்படி. ஆனால் அந்த விஷம் பிட்யூட்டரியிலும் ரத்தக்கசிவையும் அடைப்பையும் உண்டாக்கி அதைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? விஷமுறிவு கொடுத்து, ரத்தம் உறையத் தொடங்கிய பிறகும் பி.பி. எழாமல் கிடந்தால், சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கினால், அட்ரினலை ஏவும் பிட்யூட்டரி கெட்டதால் கார்ட்டிசால் இல்லையோ என்று ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பி.பி. பார்க்கிற நாம்தான். சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து அசதியாக, முடி உதிர்தலாக, மாதவிடாய் நின்றுபோவதாக அது வெளிப்படும். அதே கதைதான் பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போன தாய்க்கும். பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, எப்போதும் குளிர், எப்போதும் சோர்வு. யாரும் கோத்துப் பார்ப்பதில்லை. பத்து, பதினைந்து வருடம் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சலில் நினைவு தப்பி, சோடியம் 110 என்று மிகவும் இறங்கி மெடிக்கல் வார்டில் வந்து படுப்பார். சேர்க்கும்போது "கடைசிப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா? குழந்தைக்குப் பால் இருந்ததா? எப்போதாவது பாம்பு கடித்திருக்கிறதா?" என்று நாம் மூன்று கேள்வி கேட்டால் நோய் அங்கேயே பிடிபடும். நாலாவதாக, மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ கடையில் வாங்கிச் சாப்பிட்ட குட்டி மாத்திரை எதையாவது திடீரென நிறுத்தினாரா என்றும் கேளுங்கள். அது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும்; அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும்.

பிரசவத்தில் ரத்தம் இழந்த இந்தத் தாய்க்கு, கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டதும் நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்காருவார். எல்லாருக்கும் சந்தோஷம். அதே நேரத்தில் கட்டிலுக்குக் கீழே யூரோ பேக் மளமளவென்று நிறையும். கார்ட்டிசால் இல்லாததால் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் கதவு திறந்தது போல் வெளியேறுகிறது. சோடியம் 110-லிருந்து ஒரே இரவில் 128-க்குத் தாவலாம். நாள்பட்டுக் குறைந்திருந்த சோடியம் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் மூளைத்தண்டில் நரம்பு உறை சிதைந்து, பிழைத்து எழுந்தவர் சில நாளில் பேச்சும் விழுங்கலும் கைகாலும் போய்க் கிடப்பார். மணிக்கு 40 மில்லியாக இருந்தது 300 ஆனபோது ஒருவர் குரல் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். தலையில் அடிபட்டவருக்கும் இதே கதவுதான்: ஸ்டீராய்டு போட்ட பிறகுதான், அதுவரை மறைந்திருந்த டயாபடிஸ் இன்சிபிடஸ் வெளியே தெரியும். தைராய்டு மாத்திரையிலும் ஒரு பொறி உண்டு. கார்ட்டிசாலும் தைராய்டும் இரண்டும் குறைந்தவருக்கு, ஸ்டீராய்டைக் கொடுக்காமல் தைராக்சினை முதலில் கொடுத்தால் அட்ரினல் நெருக்கடியில் தள்ளிவிடும். மருந்து வரிசையைப் பார்க்கிற கண் நம்முடையது என்பதால் சொல்கிறேன்.

இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் கீட்டோ அசிடோசிஸ், சர்க்கரை நோயாளிகளிடம் நமக்குப் பழகியது. அதனால் வேகமாகக் கடக்கிறேன். பெரியவர் ஒருவர் ஐந்தாறு லிட்டர் இழந்துதான் வருகிறார். இன்சுலின் ஓடத் தொடங்கியதும் பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடும். சிறுநீர் போகிறதா என்று பார்த்துத்தான் பொட்டாசியம் சேர்க்க முடியும், எனவே இங்கும் மணிக்கணக்கு. சுகர் 200-க்கு வந்ததும் இன்சுலினை நிறுத்தும் வழக்கம் மட்டும் இன்னும் சில வார்டுகளில் போகவில்லை. கீட்டோன் அடங்கும்வரை டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை டிரிப்ஸைச் சேர்த்துக்கொண்டு இன்சுலின் ஓட வேண்டும்.

இனி, அளப்பது எப்படி? கூட இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளாமல் நம் வார்டுகளில் எதுவும் நடக்காது. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மார்க்கரால் நூறு நூறு மில்லிக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். அளவுக் கோடு உள்ள பிளாஸ்டிக் மக் ஒன்றை அந்த நோயாளிக்கு மட்டும் என்று பெயர் ஒட்டிக் கழிப்பறையில் வையுங்கள். தமிழில், டம்ளர் படம் போட்ட ஒரு தாள். குடித்தால் ஒரு கோடு, போனால் எவ்வளவு என்று ஓர் எண். எழுதத் தெரியாத அம்மாக்கள்கூட நம்மை விட நேர்மையாகக் கோடு போடுவார்கள். கஞ்சி, ரசம், காபி, மோர் எல்லாம் தண்ணீர்க் கணக்கு என்று சொல்லுங்கள். இளநீரையும் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கி வருகிறார்கள். அது பொட்டாசியம் நிறைந்த பானம். அட்ரினல் செயலிழந்து பொட்டாசியம் ஏறிக் கிடப்பவருக்கு அது ஆகாது. அதே நோயாளி ஊறுகாயும் கருவாடும் கேட்டால் திட்டாதீர்கள். அவர் உடல் உப்பை இழந்துகொண்டிருக்கிறது.

டயப்பர் போட்டவர்களுக்கு ஈர டயப்பரை எடை போடலாம்; ஒரு கிராம் ஒரு மில்லி. வியர்வையையும் மூச்சையும் அளக்க முடியாது. மின்விசிறி பாதி வேலை செய்யும் வார்டில், மே மாதத்தில், காய்ச்சல்காரருக்கு அது எந்தப் பாடப்புத்தக எண்ணையும் தாண்டும். அதற்குத்தான் எடை மெஷின். தினமும் காலையில், சாப்பிடும் முன், அதே மெஷினில். ஒரு நாளில் ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் அது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். சார்ட் பொய் சொன்னால் எடை காட்டிக்கொடுத்துவிடும். முள் நகராத எடை மெஷினை ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு இன்டென்ட் போட்டுக் காத்திருக்கும் வார்டுகள் எத்தனை என்று ஒருமுறை கணக்கெடுங்கள். இது உங்கள் கையில் உள்ள காரியம்.

மருந்துத் தாளில் "ஸ்டாக் இல்லை", "நோயாளி படுக்கையில் இல்லை", "வெறும் வயிறு" என்று எழுதித் தாண்டிப் போகக் கூடாத மருந்துகள் மூன்று உண்டு: டெஸ்மோபிரெசின், ஸ்டீராய்டு, டைப் 1 நோயாளியின் அடிப்படை இன்சுலின். அறுவைக்காக வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற ஆர்டர் வந்தால், மாற்று வழியில் இவை எப்படிப் போகும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். டெஸ்மோபிரெசின் ஸ்பிரே மருந்தகத்தில் இல்லாவிட்டால் நோயாளி தன் பையில் கொண்டுவந்திருப்பார். அதைப் பிடுங்கிப் பூட்டி வைக்காதீர்கள். ஸ்டீராய்டைச் சார்ந்து வாழ்பவர்களுக்கு இங்கிலாந்தில் 2020 முதல் ஓர் அவசர அட்டை கொடுக்கிறார்கள். வாந்தியோ அதிர்ச்சியோ வந்தால் உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் போடுங்கள் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் சிவப்பு மையில் தமிழில் இதே வரியை எழுத நமக்கு அரசாணை தேவையில்லை.

டியூட்டர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.ஐ.ஏ.டி.எச்சுக்கும் டயாபடிஸ் இன்சிபிடஸுக்கும் வேறுபாடு எழுதுக என்று ஐந்து மதிப்பெண் கேள்வி போதும் போதும். ஓர் உண்மையான நோயாளியின் மணிக்கணக்கை, பெயரை மறைத்து, கையில் கொடுங்கள். எந்த மணியில் நீ டாக்டரைக் கூப்பிட்டிருப்பாய் என்று கேளுங்கள். பிராக்டிகலில் அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

சூப்பிரண்டென்ட் மேடம்களுக்கு என் கோரிக்கை இதுதான். வரும் மாதம் ஒரே ஒரு வார்டில் தொடங்குங்கள். நியூரோ சர்ஜரியாக இருந்தால் நல்லது. காலை ரவுண்ட்ஸில் பெயர் குறித்த நோயாளிகளுக்கு மட்டும் சார்ட், மற்றவர்களுக்கு எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் "ஏன் எல்லாக் கேஸ் ஷீட்டிலும் சார்ட் இல்லை?" என்று அந்தச் சிஸ்டரைக் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பை நீங்கள் எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த ஸ்டாஃப் நர்ஸும், அதிலும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்கள், காலை ஆறு மணிக் கற்பனையைக் கைவிடத் துணிய மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஆசிரியை